பரிந்து உரைப்பவர்கள்

எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோவில் கொடைத் திருவிழாவில் 1987ஆம் ஆண்டு நடந்த வில்லுப்பாட்டை என் சித்தப்பா ஐந்து கேசட்டுகளில் பதிந்து வைத்திருந்தார். சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையில், வாழையும் நெல்லுமாக ஆற்றுப் பாசனத்தில் பிழைக்கிற ஊர் எங்களுடையது. மேடைக்குக் கீழே டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, 45 நிமிடத்துக்கு ஒரு முறை கேசட்டைத் திருப்பிப் போட்டபடி அவர் விடிய விடிய உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தில் மூன்றுதான் இன்று மிஞ்சியிருக்கின்றன. சென்ற ஐப்பசியில் அவற்றை மச்சிலிருந்து இறக்கி, பூசணம் துடைத்து, கேசட் சக்கரத்தின் பல்லில் பென்சிலை நுழைத்து நாடாவை இறுக்கிச் சுற்றி, ஒருவழியாகக் கணினியில் ஏற்றினேன். சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் கேட்கட்டும் என்று இணையத்திலும் போட்டு வைத்தேன்.

முதல் கேசட்டின் முதல் பக்கம் ஓடி முடிந்ததும், நான் கேட்காமலேயே செல்பேசி அடுத்த பாட்டைத் தொடங்கியது. திரையில் 'உங்களுக்கான பரிந்துரை' என்றிருந்தது. ஓர் அம்மன் பக்திப் பாடல் வந்தது, அதற்கடுத்து இன்னொன்று, அதற்கும் அடுத்து, ஆழ்ந்த உறக்கத்துக்கான புல்லாங்குழல் இசை. நான் உடனே நிறுத்திவிட்டேன். ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை. பரிந்துரை என்பது பரிந்து உரைப்பது. பரிதல் என்றால் அன்பு கொள்ளுதல், இரங்குதல், ஒருவர் பக்கம் நின்று பேசுதல். 'அவனுக்காகப் பரிந்து பேசினாள்' என்று இன்றைக்கும் சொல்கிறோம். ஒருவரை அறிந்து, அவர் மேல் பரிவு கொண்டு, அவருக்கு இது ஆகும் என்று எடுத்துச் சொல்வதற்கு நம் மொழியில் இருக்கிற சொல்தான் இன்று அந்தத் திரையில் தெரிகிறது. என் வாழ்க்கையில் எனக்காக இசையைப் பரிந்து உரைத்தவர்கள் யார் யார் என்று அன்றிரவு எண்ணிப் பார்க்கத் தொடங்கினேன்.

அதற்கு முன்னால் அந்த ஒலிநாடாவில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கதையை நடத்திப் பாடுகிறவரான அண்ணாவி வில்லின் நடுவில் உட்கார்ந்திருப்பார். நாணில் வீசுகோல் விழும்போதெல்லாம் வில்லில் கட்டிய மணிகள் சேர்ந்து குலுங்கும். குடத்தின் வாயில் மட்டை விழுந்து 'தும்' என்று அதிரும். உடுக்கும் தாளமும் கட்டையும் அதனோடு சேரும். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. நான் சொல்ல நினைப்பது பக்கத்தில் இருந்து ஆமா போடுகிறவரைப் பற்றி. அண்ணாவி ஓர் அடியைப் பாடி நிறுத்தி, வசனமாகக் கதையைச் சொல்லத் தொடங்கியதும், அவர் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் 'ஆமா' என்பார். சில இடங்களில் அது வெறும் தாளம். சில இடங்களில் கேள்வி: 'ஆமா? பொறவு?' சில இடங்களில் ஊரே கேட்க வேண்டிய கேள்வியை அவர் ஒருவர் கேட்டுவிடுவார். பாடுகிறவர்களோடு கேட்கிறவர் ஒருவரையும் மேடையில் ஏற்றி உட்கார வைத்திருக்கிற கலை இது. அந்த ஆமாவின் அழுத்தத்தை வைத்து, கூட்டம் எங்கே தூங்குகிறது, எங்கே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று அண்ணாவி தெரிந்துகொள்வார். கதையை நீட்டுவதும் சுருக்குவதும் அதைப் பொறுத்துத்தான்.

அன்று பாடியது முத்துப்பட்டன் கதை. பட்டவராயர் என்று சாமியாகிவிட்ட அந்தப் பட்டனுக்கும் எங்கள் கோவிலில் ஒரு பீடம் உண்டு. பிராமணக் குடும்பத்தில் பிறந்த பட்டன், தோல் தொழில் செய்யும் வாலப்பகடையின் மக்களான பொம்மக்கா, திம்மக்கா இருவர் மேலும் ஆசை கொண்டு, மாமனார் கேட்டபடி பூணூலை அறுத்து, செருப்புத் தைத்து, அவர்களைக் கட்டிக்கொண்ட கதை. மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டு அவன் செத்தான். இரண்டு பெண்களும் தீயில் இறங்கினார்கள். காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போகிறவர்கள் பட்டவராயருக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிடுவதை இன்றும் பார்க்கலாம். நாங்குநேரியில் 1917இல் பிறந்த நா. வானமாமலை இந்தக் கதைப் பாடலைத் தேடிப் பதிப்பித்தபோது, நாட்டார் பாடலில் சாதியும் காதலும் மோதிய வரலாறு இருக்கிறது என்று படித்தவர்களுக்கு எடுத்துக் காட்டினார். இவ்வளவையும் தன்னுள் வைத்திருக்கிற ஒலியை இணையப் பட்டியல் 'பக்தி' என்ற ஒற்றைப் பெட்டிக்குள் வைத்தது. சாமிக்குப் பாடுவதுதான், அதனால் பெட்டி தவறில்லை. ஆனாலும் அந்தப் பெட்டிக்குள் பக்கத்தில் இருக்கிறவை எவையோ அவைதான் அடுத்து வரும். முத்துப்பட்டனுக்கு அடுத்து வர வேண்டியது இசக்கியம்மன் கதையோ, கணியான் கூத்தின் மகுடப் பறையோசையோதான் என்று எங்கள் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் பாட்டுக்கு வேறு பெட்டிகள் இருந்தன. கல்யாண வீட்டுப் பாட்டு, சடங்கு வீட்டுப் பாட்டு, சாவு விழுந்த துட்டி வீட்டுப் பாட்டு என்றுதான் பிரித்திருந்தார்கள். ரேடியோ செட்டுக்காரர் வேப்பமரத்தில் குழாயைக் கட்டி முதல் பாட்டைப் போட்டதும், எந்தத் தெருவில் என்ன விசேஷம் என்று அடுப்படியில் இருந்தே எங்கள் ஆச்சி சொல்லிவிடுவாள். பாட்டை அது பிறந்த சினிமாவை வைத்து அவர்கள் அறிந்திருக்கவில்லை. அது ஒலிக்கிற வீட்டை வைத்து அறிந்திருந்தார்கள். காவடிச் சிந்தும் அப்படித்தான். சென்னிகுளத்தில் 1865இல் பிறந்து 26 வயதில் இறந்துபோன அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலையிலிருந்து கழுகுமலைக்குக் காவடி நடந்த வழியில் பாடியவை அந்தச் சிந்துகள் என்பார்கள். தோளில் பாரத்தோடு நடக்கிற காலுக்கு அளந்து செய்த பாட்டு அது. உட்கார்ந்து கேட்டாலும் இனிக்கும். ஆனால் நடந்துகொண்டே முணுமுணுத்துப் பாருங்கள், சொல் எங்கே முறிந்து எங்கே துள்ளுகிறது என்பது கணுக்காலுக்குத் தெரியும்.

வானொலி வந்தபோது புதுச் சொல் ஒன்றும் கூட வந்தது. நேயர் என்றார்கள். நேயம் உடையவர் நேயர். 'நேயர் விருப்பம்' என்ற இரண்டு சொல்லில் எவ்வளவு மரியாதை இருக்கிறது என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. எங்கள் பக்கம் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஒலித்தால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று பொருள். அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் ஆகியோரின் உச்சரிப்பைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் ழகரம் திருந்தியது என்று என் அம்மா சொல்வாள். பாட்டுக்கு முன்னால் விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களையும் ஊர்களையும் நீளமாகப் படிப்பார்கள். முகம் தெரியாத ஓர் ஊரில் முகம் தெரியாத ஒருத்தி இந்தப் பாட்டை விரும்பியிருக்கிறாள் என்ற செய்தி, பாட்டுக்கு முன்பே வந்து சேரும். இன்றைக்கு எனக்கு வருகிற பாட்டுக்குப் பின்னாலும் அப்படிப் பல்லாயிரம் பேருடைய விருப்பம் இருக்கத்தான் செய்கிறது. அவர்களுடைய பெயர்களை யாரும் படிப்பதில்லை. நேயர் என்ற சொல்லும் போய்விட்டது. இப்போது நாம் பயனர்.

எனக்குப் பரிந்து உரைத்தவர்களில் நான் மறக்கவே முடியாதவர் அம்பாசமுத்திரத்தில் கேசட் பதிந்து கொடுக்கிற கடை வைத்திருந்த அண்ணாச்சி. 1994இல் நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, வெறும் கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால், நாலைந்து நாளில் பதிந்து வைத்திருப்பார். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு, சில சமயம் ஏழு கொள்ளும். பட்டியலில் ஒரு பாட்டு நீளமாகிவிட்டால், மிச்ச நாடாவில் என்ன போடுவது என்று அவர்தான் முடிவு செய்வார். ஒரு தடவை நான் கேட்ட பாட்டுகள் முடிந்த பிறகு மூன்றரை நிமிடம் மிச்சமிருந்தது. வீட்டுக்கு வந்து கேட்டபோது, கடைசிப் பாட்டு ஓய்ந்து, சின்னக் கரகரப்புக்குப் பின், பழைய இசைத்தட்டு ஒன்றிலிருந்து எடுத்த நாயனம் எழும்பியது. ஒற்றைச் சுரத்தில் நின்று, மெதுவாக வளைந்து, இன்னொன்றின் மேல் ஏறி, அங்கேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மூன்றரை நிமிடமும் எங்கள் வீட்டுத் தார்சாவில் நான் அசையாமல் நின்றிருந்தேன்.

அடுத்த வாரம் போய்க் கேட்டேன். "எந்த ஊரும்மா உனக்கு?" என்றார். சொன்னேன். "காருகுறிச்சிக்கு அடுத்த ஊர்லயா இருக்க? இருந்துக்கிட்டா இது யாருன்னு கேக்க?" என்றார். அப்படித்தான் காருகுறிச்சி அருணாசலத்தை நான் அறிந்தேன். 1921இல் பிறந்து, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் கற்று, 1964இல் மறைந்த அந்த மேதையின் ஊரைத் தாண்டித்தான் நான் தினமும் ரயிலில் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அண்ணாச்சி அதைச் சொல்லிக் காட்டவில்லை. என் பட்டியலைப் படித்து, என் ஊரையும் ஒருவேளை முன்பே விசாரித்து, இந்தப் பிள்ளைக்கு இது சேர வேண்டும் என்று நினைத்து, மிச்ச நாடாவில் வைத்தார்.

பழைய இசைத்தட்டு என்றேன். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் தட்டின் பத்து அங்குலப் பக்கம் ஒன்றில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பதிய முடியும். சுவாமி புறப்பாட்டில் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் வாசித்தவர்கள், அந்த மூன்று நிமிடத்துக்குள் தங்களைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. செங்கோட்டையில் 1906இல் பிறந்து 1933இல் 27 வயதில் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் மேடைப் பாட்டும் நமக்குக் கிடைப்பது அந்த அளவில்தான். மேடையில் ஒரே பாட்டை அவர் எவ்வளவு நேரம் விரித்தார் என்பதைக் கேட்டவர்கள் சொல்லித்தான் தெரியும். எந்திரம் எப்போதுமே இசைக்குக் கொஞ்சம் இடம் கொடுத்து, கொஞ்சத்தை வெட்டியிருக்கிறது. அதைக் குறையாக மட்டும் பார்க்க எனக்கு மனமில்லை. தட்டு இல்லாவிட்டால் கிட்டப்பாவின் குரல் நமக்கு ஏது? கேசட் இல்லாவிட்டால் எங்கள் ஊர் அண்ணாவியின் குரல் ஏது?

இப்போதைய எந்திரம் எப்படிப் பரிந்துரைக்கிறது என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் 1994இல் ரிங்கோ என்றொரு ஏற்பாடு இருந்திருக்கிறது. மின்னஞ்சல் வழியாக அது இசைக்கலைஞர்களின் பெயர்களை அனுப்பும்; நாம் ஒவ்வொருவருக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். நம்மைப் போலவே மதிப்பெண் போட்ட வேறு ஆட்களைக் கண்டுபிடித்து, அவர்கள் விரும்பியதில் நாம் கேட்காததை அது நமக்குச் சொல்லும். உபேந்திரா சர்தானந்தும் பேட்டி மேஸும் 1995இல் இதைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே, வாய்வழியாகப் பரவுவதை எந்திரமாக்குவது என்ற கருத்து இருக்கிறது. எனக்கு அந்த எண்ணம் பிடித்திருந்தது. கேசட் கடை அண்ணாச்சியும் வாய்வழிதானே? ரிங்கோ நம்மிடம் கேட்டது. நாம் பதில் சொன்னோம்.

பிறகு கேட்பது நின்றுபோய்க் கவனிப்பது வந்துவிட்டது. எந்தப் பாட்டை முழுதாகக் கேட்டோம், எதைப் பாதியில் தாண்டினோம், எதைத் திரும்பப் போட்டோம், எதைச் சேமித்தோம் என்பவைதான் இப்போது நாம் போடும் மதிப்பெண். பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. அதில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் கேட்கப்பட்டதாகக் கணக்கு. மூன்று நிமிடப் பாட்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தும். 45 நிமிடம் ஓடுகிற ஒரு பக்கத்தை யார் ஒரே மூச்சில் கேட்பார்கள்? வில்லடியில் யாருமே ஒரே மூச்சில் கேட்டதில்லை. நள்ளிரவுப் பூசையான சாமக்கொடைக்கு முன் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, மேளம் மாறும்போது எழுந்து, கடலைக்காரனிடம் போய், திரும்பி வந்து, விட்ட கதையைப் பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வோம். அந்தக் கேட்பு முறையை எந்திரத்தின் கண்ணால் பார்த்தால், பாதியில் விட்டுப் போன கூட்டமாகத்தான் தெரியும்.

நான் சந்தா கட்டுகிற செயலியில் இன்னொரு குறையும் உண்டு. 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்கார வேலனே தேவா' பாட்டில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சியாரின் நாயனம் போட்டியிட்டுப் போவதைக் கேட்காத தமிழர் குறைவு. அந்தச் செயலியில் பாட்டின் கீழே நாயனம் வாசித்தவர் பெயரைக் காணவில்லை. பெயர் இல்லையென்றால் எந்திரத்துக்கு அவர் இல்லை. அந்தப் பாட்டை நூறு தடவை கேட்கிறவர்களிடமும் அவருடைய ராக ஆலாபனையை அது கொண்டுவந்து சேர்க்க வழியில்லை. எங்களூரில் நாயனம் என்பார்கள், புத்தகத்தில் நாதஸ்வரம், நாகஸ்வரம் என்று இரண்டு விதம். மூன்றையும் தட்டித் தேடினேன். மூன்றுக்கும் வெவ்வேறு பட்டியல் வந்தது. அதே செயலிதான், ஒரு நாள் இரவு, நான் கேட்காமலே, கிட்டப்பாவின் குரலை எடுத்து வைத்தது என்பதையும் எழுத வேண்டும். அம்மா கைவேலையை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டாள். அன்று அது பரிந்துரைத்தது என்றே நான் நினைக்கிறேன்.

ஒலிநாடாவில் இருப்பதை எழுத்தில் கொண்டுவரத் தொடங்கியபோதுதான் மொழி எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று தெரிந்தது. பேசினால் எழுதித் தருகிற வசதி ஒன்றைச் செல்பேசியில் முயன்று பார்த்தேன். பட்டன் காட்டாற்றில் இறங்குகிற இடத்தில் அண்ணாவி, "அந்தால கசம் கெடக்கு, பாத்து எறங்கும் ஓய்" என்கிறார். செல்பேசி 'கஷ்டம்' என்று எழுதியது. என் அக்காள் மகள் சென்னையில் வளர்ந்தவள். அவளும் கஷ்டம் என்றே கேட்டிருக்கிறாள். கசம் என்றால் ஆற்றில் சட்டென்று ஆழம் போகிற இடம். அந்தச் சொல் தெரியாத பிள்ளையை எங்கள் ஆச்சி ஆற்றுக்கு அனுப்ப மாட்டாள். 'ஓர்மை வச்சுக்கிடணும்', அதாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், என்று வந்த இடத்தில் 'உரிமை' என்று எழுதியது. 'சொல்லுதேன்', 'பாடுதாவ', 'நிக்காவ' என்ற வினைமுற்றுகளில் ஒன்றையும் அது அப்படியே எழுதவில்லை.

சொற்கள் மாறுவதைப் பற்றி எனக்குப் பொதுவாகப் புலம்பல் இல்லை. அந்த அண்ணாவியே பட்டனின் காட்டுப் பாதையைச் சொல்லும்போது "பஸ்ஸு கெடையாது, டார்ச் லைட்டு கெடையாது" என்கிறார். கூட்டம் ஒரே குரலாகச் சிரிக்கிறது. ஒவ்வொரு கொடையிலும் கதை அந்த வருஷத்துச் சொல்லைக் கூட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறது. சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் வில்லை எடுத்துக்கொண்டு போய்ச் சென்னையிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அன்றன்றைய செய்தியைப் பாடினார், வில் ஒடிந்துவிடவில்லை. நாவில் புழங்கிப் புழங்கி ஒரு சொல் உருமாறுவது வேறு. கேட்கிறவர் இல்லாமல் ஒரு சொல் நின்றுபோவது வேறு. கசத்தில் குளிக்கிற பிள்ளைகள் குறைந்த பிறகு கசம் என்ற சொல் என்ன செய்யும்?

என்னால் முடிந்ததைச் செய்தேன். இணையத்தில் போட்ட ஒலியின் தலைப்பை மாற்றினேன். 'பக்தி' என்றிருந்த இடத்தை அப்படியே விட்டு, கீழே ஊர், கோவில், ஆண்டு, எந்தக் கொடை, எந்தப் பக்கத்தில் கதை எதுவரை போகிறது என்றெல்லாம் எழுதினேன். வில்லுப்பாட்டு என்றும் வில்லடி என்றும் வில்லிசை என்றும் மூன்றையும் சேர்த்தேன். அண்ணாவியின் பெயர் சித்தப்பாவுக்குத் தெரிந்திருந்தது. குடம் அடித்தவர், உடுக்கு அடித்தவர் பெயர்களைத் தேடி அவர்கள் ஊர்களுக்கே போய் விசாரித்தேன். ஆமா போட்டவரின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்கத்தான் போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது செல்பேசியை அவள் பக்கத்தில் வைத்தேன். அரிவாள்மனையில் சேப்பங்கிழங்கை நறுக்கிக்கொண்டே கேட்டாள். குரலை அடையாளம் தெரியவில்லை என்றாள். ஆனால் கேட்கக் கேட்க, அந்த மனிதர் ஆமா போடுவதற்கு அரை நொடி முன்னாலேயே அவள் தலை அசைந்தது. மூன்றாவது கேசட்டின் இரண்டாம் பக்கம், பட்டனின் கல்யாணச் சாப்பாட்டோடு, பாதி வசனத்தில் நின்றது. செல்பேசி அடுத்த பாட்டுக்குத் தாவப் பார்த்தது, நான் நிறுத்தினேன்.

"என்னட்டி நின்னுட்டு? திருப்பிப் போடு" என்றாள்.

அதற்கு மேல் இல்லை, நாலாவதும் அஞ்சாவதும் தொலைந்துபோய்விட்டன என்று சொன்னேன். மாடு மறிக்கப் போகிற இடமும், பொம்மக்காளும் திம்மக்காளும் கனாக் கண்டு எழும்புகிற இடமும் அவற்றில்தான் இருந்தன. அம்மா அரிவாள்மனையை மடக்கி ஓரமாக வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "கல்யாணம் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி..." என்று தொடங்கினாள். நான் செல்பேசியில் பதிவுப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா போடுட்டி. போட்டாத்தான சொல்ல முடியும்."

"ஆமா" என்றேன்.